பதினாறும் பதினெட்டும்

சனிக்கிழமை காலை, பட்டுக்கோட்டை கார் ஷோரூம் வாசலில் இரண்டு வெள்ளை வண்டிகள் அருகருகே நின்றன. ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே என்ஜின். ஒன்று நடுத்தர விலையில் வரும் நடு வேரியன்ட். மற்றது எல்லா வசதியும் உள்ள டாப் எண்ட்.

பூமிகா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டில் ஒன்றாவது தன் முதுகுக்கு ஒத்துவர வேண்டும். ஒத்துவராவிட்டால் தஞ்சாவூர் வேலையை விட்டுவிடுவதாகக் கணவன் தியாகுவுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள்.

வாக்குக் கொடுத்தது வியாழக்கிழமை. அன்றுதான் விதைப் பரிசோதனைக் கூடத்திலிருந்து போன் வந்தது. சம்பா விதைநெல் பொட்டலங்கள் வந்து குவிகின்றன, திங்கட்கிழமை வர முடியுமா, முடியாதென்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். பதினோரு வருஷ வேலை. ஈரத் தாளில் நூறு நெல்லைச் சுருட்டி வைத்து, எத்தனை முளைக்கிறது என்று எண்ணிச் சொல்கிற வேலை. கேட்பவர்களுக்குச் சின்னதாகத் தெரியும். அவள் எண்ணிச் சொன்ன பிறகுதான் அந்த விதை வயலுக்குப் போகும்.

ஏழு மாதத்துக்கு முன், அந்த வேலை முடிந்து திரும்பும்போதுதான் அது நடந்தது. பஸ்ஸின் கடைசி வரிசை. டிரைவர் கவனிக்காத ஒரு வேகத்தடை. இருக்கையை விட்டு ஒரு முழம் மேலே போய் உட்கார்ந்தபடியே விழுந்ததில், பூமிகாவின் முதுகெலும்புக் கோவையில் ஓர் எலும்பு நசுங்கியது. மூன்று மாதம் படுக்கை, அதன்பின் இடுப்பில் பெல்ட்.

போன வாரம் டாக்டர் சொன்னது இவ்வளவுதான்: "வேலைக்குப் போகலாம்மா. ஆனா தூக்கித் தூக்கிப் போடுற பயணம் கூடாது."

பஸ் என்ற பேச்சையே தியாகு எடுக்க விடவில்லை. கார்தான் என்று முடிவானது. வாங்கித் தருவதாக முன்வந்தவர் தியாகுவின் அண்ணன் மணிவண்ணன். மல்லிப்பட்டினம் துறைமுகத்திலிருந்து மீன் ஏற்றிப்போகும் வண்டிகள் நான்கு வைத்திருப்பவர்.

அவர் ஷோரூம் வாசலில் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"வாம்மா. நான் எட்டு மணிக்கே வந்துட்டேன். வாத்தியார் வீட்டுக்காரங்கதான் எப்பவும் லேட்டு."

தியாகு ஒரத்தநாட்டில் பள்ளி ஆசிரியர். அண்ணனுக்கு அது பெருமை. அதனால்தான் தினம் ஒரு தடவையாவது கிண்டல் செய்வார்.

"டாப் எண்டைப் பாரு பூமிகா. கூரையைத் தொறந்தா வானம் தெரியுது."

"எனக்கு வானம் தெரிய வேணாம் மாமா. முதுகுல ரோடு தெரியாம இருந்தாப் போதும்."

மணிவண்ணன் சிரித்தார். தியாகு சிரிக்கவில்லை.

"வலிச்சா மறைக்கக் கூடாது" என்றான். "பேச்சு அதுதான்."

"மறைக்க மாட்டேங்க."

வண்டியைக் காட்ட வந்த ஆர்த்திக்கு இருபத்தைந்து வயது இருக்கும். மைலேஜ், திரை, கேமரா என்று ஆரம்பித்தவளைப் பூமிகா நிறுத்தி, தன் முதுகைப் பற்றிச் சொன்னாள். ஆர்த்தி உடனே கையிலிருந்த விளம்பரத் தாளை மடித்து வைத்தாள்.

"அப்ப நாம சக்கரத்தைத்தான் மேடம் பாக்கணும்."

இரண்டு வண்டிக்கும் நடுவே குந்தி உட்கார்ந்தாள்.

"ஸ்பிரிங், ஷாக் அப்சர்பர் ரெண்டுலயும் ஒண்ணுதான். சக்கரம்தான் வேற. நடு வேரியன்ட்ல பதினாறு இஞ்ச். டாப் எண்ட்ல பதினெட்டு."

பதினெட்டு என்றால் சக்கரமே பெரிது என்று நினைக்கத் தோன்றும். அப்படியில்லை. தரையிலிருந்து டயரின் உச்சி வரை அளந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரம். உள்ளே இருக்கும் உலோக வட்டத்தின் அளவுதான் பதினாறு, பதினெட்டு. உலோகம் பெரிதானால் அதைச் சுற்றியுள்ள ரப்பரின் உயரம் குறைய வேண்டும். நடு வேரியன்ட்டில் ரப்பர் தடித்த மெத்தை. டாப் எண்ட்டில் மெல்லிய பாய்.

"மெத்தைன்னா குழி, கல்லு எல்லாம் அதுலயே அமுங்கிடும். பாய்ன்னா அமுங்காது, ஆனா வளைவுல வண்டி அலையாது, ஸ்டியரிங் சொன்ன பேச்சு கேக்கும்" என்றாள் ஆர்த்தி. "உங்களுக்கு மெத்தைதான் மேடம். பாருங்க, நீங்களே சொல்லுவீங்க."

முதலில் நடு வேரியன்ட். பூமிகா ஓட்டினாள், ஆர்த்தி பக்கத்தில், தியாகு பின்னால். மணிவண்ணன் வாசலிலேயே நின்றுகொண்டார். ஓட்டுகிறவருக்கு ஒரு வசதி உண்டு. வரப்போகும் பள்ளம் கண்ணுக்குத் தெரிவதால் உடம்பு தன்னை முன்கூட்டியே இறுக்கிக்கொள்ளும். அதனால்தான் டாக்டரும் அவளே ஓட்டலாம் என்றிருந்தார்.

தஞ்சாவூர் சாலையில் கொஞ்ச தூரம். பிறகு இடதுபக்கம் திரும்பி, புது ஆறு என்கிற கால்வாயின் கரையை ஒட்டிப் போகும் கிராமச் சாலை. ஒரு பக்கம் தென்னந்தோப்பு, மறுபக்கம் நாற்றங்கால். சாலையில் ஒட்டுப்போட்ட இடங்கள் ஏராளம்.

முதல் ஒட்டிலேயே பூமிகாவுக்கு ஏமாற்றம். வண்டி தடதடத்தது. ஸ்டியரிங் வழியாகக் கைக்கு, இருக்கை வழியாக இடுப்புக்கு, ஒவ்வொரு கல்லும் வந்து பேர் சொல்லிவிட்டுப் போனது.

"மெத்தைன்னு சொன்னீங்களே" என்றான் பின்னாலிருந்து தியாகு.

ஆர்த்தியின் முகமும் குழம்பியிருந்தது.

முதல் வேகத்தடையில் ஒரு குத்து. இரண்டாவதில் பூமிகா பல்லைக் கடித்துக்கொண்டாள். மூன்றாவதை நடக்கிற வேகத்தில்தான் ஏறினாள். முன் சக்கரம் இறங்கியபோது, இடுப்பிலிருந்து ஒரு கம்பி நெருப்பு மேலே ஓடியது.

வண்டியை ஓரம் கட்டினாள்.

மறைக்கலாம். தியாகுவுக்கு அவள் முதுகுதான் தெரிகிறது, முகம் தெரியவில்லை. திங்கட்கிழமை மேசையில் இருக்கப்போகும் நெல் பொட்டலங்கள் ஒரு கணம் கண்ணுக்குள் வந்து போயின.

"வலிக்குதுங்க" என்றாள்.

திரும்பி வந்து, கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, டாப் எண்ட்டையும் ஓட்டினாள். அதே சாலை, அதே மூன்று வேகத்தடைகள். வளைவில் வண்டி ரயில்போலத் திரும்பியது. சாயவில்லை, அலையவில்லை. வேறு நாளாக இருந்தால் ரசித்திருப்பாள். ஆனால் ஒட்டுப்போட்ட இடங்களில் சுருக் சுருக்கென்றது. முதல் வண்டி அளவுக்கு மோசமில்லை, அவ்வளவுதான். ஏற்கெனவே எழுந்துவிட்ட வலிக்கு அதுவே போதுமாக இருந்தது.

வாசலில் இறங்கியதும் மணிவண்ணன் ஓடிவந்தார். "எப்படிம்மா? டாப் எண்ட்தானே?"

"ரெண்டும் வேணாம்ண்ணே" என்றான் தியாகு. குரல் மெதுவாகத்தான் இருந்தது. "பூமி, பேசினது பேசினதுதான். நீ வீட்ல இரு. என் சம்பளம் போதும் நமக்கு."

பூமிகா ஷோரூமுக்குள் போய் சோபாவில் சாய்ந்தாள். தியாகு தலையணை கேட்டு வாங்கி வந்து அவள் இடுப்புக்குப் பின்னால் வைத்தான். அவன்மேல் கோபப்படவும் அவளால் முடியவில்லை.

ஆர்த்தி தண்ணீர் கொண்டுவந்தாள். "எனக்கே புரியலை மேடம். ரெண்டு வருஷமா இந்த ரெண்டு வண்டியையும் காட்டுறேன். நடு வேரியன்ட்தான் மெத்துன்னு இருக்குன்னு எல்லாரும் சொல்லுவாங்க. நீங்க சொல்றது தலைகீழா இருக்கு. இன்னைக்கு எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு."

பூமிகா தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"இன்னைக்கு மட்டுமா?"

"ஆமா. நேத்துகூட நல்லாத்தான் இருந்துச்சு."

"எங்க கூடத்துல ஒரே மூட்டை நெல்லைப் பிரிச்சு நாலு சுருளா வைப்போம்" என்றாள் பூமிகா. "மூணுல தொண்ணூறு முளைச்சு ஒண்ணுல அறுபது முளைச்சா, நெல்லைக் குறை சொல்ல மாட்டோம். அந்தச் சுருளுக்கு யார் தண்ணி ஊத்தினாங்கன்னு கேப்போம்."

"புரியலையே மேடம்."

"டயர்ல காத்து எவ்வளவு இருக்கு?"

டாப் எண்ட்டில் அதைத் திரையிலேயே பார்க்கலாம். ஆர்த்தி போய்ப் பார்த்தாள்; மற்றவர்களும் பின்னாலேயே வந்தார்கள். நான்கு சக்கரத்திலும் முப்பத்தைந்து. கம்பெனி சொன்ன அளவு முப்பத்து மூன்று. ஓடிய சூட்டில் காற்று விரிந்து இரண்டு கூடக் காட்டும். சரியாகத்தான் இருந்தது. நடு வேரியன்ட்டுக்கு அந்தத் திரை வசதி கிடையாது. ஒர்க்‌ஷாப்பிலிருந்து காற்று அளக்கும் மானியை எடுத்துவந்து, முன் டயரில் வைத்து அழுத்தினாள்.

"நாப்பத்தெட்டு" என்றாள், நம்பாமல். அடுத்த டயர். "நாப்பத்தெட்டு. யாரு இப்படி அடிச்சது?"

பின்னால் நின்ற மணிவண்ணன் தொண்டையைச் செருமினார்.

"நான் நாப்பத்தஞ்சுதான்மா வச்சேன்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"காலைல ஷோரூம் டிரைவர் தம்பி இந்த வண்டிக்கு டீசல் போடப் போனாரு. நானும் சும்மா கூடப் போனேன். பாத்தா நாலு டயரும் பக்கவாட்டுல பிதுங்கிக்கிட்டு நிக்குது. டாப் எண்ட் டயரு அப்படி இல்ல, கிண்ணுன்னு நிக்குது. சரி, இதுல காத்து கம்மின்னு நெனச்சேன். அவரு பணம் கட்டிட்டு வர்றதுக்குள்ள நானே அடிச்சு விட்டுட்டேன்."

"ஏன்ண்ணே?" என்றான் தியாகு.

"என்னடா ஏன்? ஒரு டன் மீனும் ஐஸும் ஏத்திக்கிட்டுப் போறவன்டா நான். டயரு பிதுங்கினா நடுவழியில வெடிக்கும். மீன் கெட்டுப்போனா பரவாயில்ல, இது பூமிகா போற வண்டியாச்சே." அவர் குரல் இறங்கியது. "நல்லதுன்னுதான்மா செஞ்சேன்."

டயருக்குள் இருக்கிற காற்றுதான் எந்த வண்டிக்கும் முதல் ஸ்பிரிங். சின்னக் கல்லையும் சின்னப் பள்ளத்தையும் அதுதான் வாங்கிக்கொள்ளும்; பெரிய மேடு வந்தால்தான் இரும்பு ஸ்பிரிங்குக்கு வேலை. ஒரு டன் பாரத்துக்கு அந்தக் காற்று இறுகியிருக்க வேண்டும். மூன்று பேர் போகிற காருக்கு அதே இறுக்கம் கொடுத்தால், தடித்த ரப்பர் இருந்தும் பயனில்லை. மெத்தைக்குள் பஞ்சுக்குப் பதில் மணலை அடைத்த கதைதான். டயர் பக்கவாட்டில் கொஞ்சம் பிதுங்கி நிற்பதே அது வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். மணிவண்ணனின் முப்பது வருஷ அனுபவம் அதை நோயென்று நினைத்துவிட்டது.

"மாமா" என்றாள் பூமிகா. "என்னையும் மீன் கணக்குல சேத்துட்டீங்களே."

முதலில் ஆர்த்திக்குச் சிரிப்பு வந்தது. பிறகு மணிவண்ணனுக்கும் வந்தது, கண் கலங்கியபடியே.

அவரே குந்தி உட்கார்ந்து நான்கு டயரிலும் காற்றைக் குறைத்தார். "முப்பத்தஞ்சுல நிறுத்துங்க சார், சூடு ஆறினா முப்பத்து மூணு வந்துடும்" என்று ஆர்த்தி மேலே நின்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு தடவை ஓட்டிப் பாக்குறேன்" என்றாள் பூமிகா.

"வேணாம்" என்றான் தியாகு. "இன்னைக்கு இது போதும்."

"ஒரு மணி நேரம் படுத்துக்கிறேன். வலி அடங்கினா ஓட்டுறேன், அடங்கலைன்னா வீட்டுக்குப் போயிடலாம். தப்பா தண்ணி ஊத்தின சுருளை வச்சு ரிப்போர்ட் எழுதச் சொல்றீங்களா?"

வலி அடங்க ஒன்றேகால் மணி நேரம் ஆனது.

அதே சாலை. முதல் ஒட்டு வந்தபோது பூமிகா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஒட்டு வந்தது, போனது. தடதடப்பு இல்லை. தூரத்தில் யாரோ கதவைத் தட்டியதுபோல ஒரு சத்தம் மட்டும். வளைவில் வண்டி முன்பைவிடச் சாய்ந்தது. ஸ்டியரிங் திருப்பிய பிறகு அரைக் கணம் யோசித்துத்தான் திரும்பியது. அவள் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தாள். சாய்வும் குறைந்தது. இந்தக் குறையோடு குடித்தனம் நடத்தலாம் என்று தோன்றியது.

முதல் வேகத்தடை. ஏறியது, அமுங்கியது, இறங்கியது. ஷாக் அப்சர்பர் அதோடு ஆட்டத்தைப் பிடித்து நிறுத்தியது. முதுகில் ஒன்றுமில்லை.

சந்தோஷத்தோடு கண்ணாடியில் தியாகுவைப் பார்த்தாள்.

அவன் ஜன்னலுக்கு மேலே இருக்கும் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். கண்கள் இறுக மூடியிருந்தன.

இரண்டாவது வேகத்தடை. வண்டி அசையவே இல்லை என்று சொல்லலாம். அவன் தோள்கள் காதுவரை ஏறி நின்றன.

பூமிகா ஒரு தென்னை நிழலில் வண்டியை நிறுத்தினாள்.

"வலிக்குதா?" கண்ணைத் திறக்காமலே கேட்டான்.

"எனக்கு வலிக்கலைங்க. உங்களுக்கு?"

ஆர்த்தி சட்டென்று போனை எடுத்துக் காதில் வைத்தபடி இறங்கிப் போனாள். போன் அடித்த சத்தம் எதுவும் பூமிகாவுக்குக் கேட்கவில்லை.

"ஏழு மாசமா நான் பஸ்ல ஏறலை" என்றான் தியாகு. "டைம் ஒத்துவரலைன்னு உன்கிட்ட சொன்னது பொய். தினமும் பைக்லதான் போறேன். பஸ் படியில கால் வைக்க முடியலை."

"ஏங்க?"

"அன்னைக்கு நீ தஞ்சாவூர்லேர்ந்து நடு சீட்டுலதான் உக்காந்து வந்தே. ஒரத்தநாட்டுல ஏறினது நான். பின்னாடி ரெண்டு பேருக்கு இடம் இருக்கு, வா, சேந்து உக்காரலாம்னு கூப்பிட்டது நான்தான்." அவன் நிறுத்தினான். "அதை நீ ஒரு தடவைகூடச் சொல்லிக் காட்டலை. அதுதான் என்னால தாங்க முடியலை."

அவன் கூப்பிட்டது பூமிகாவுக்கு நினைவிருந்தது. கூப்பிட்டதும் எழுந்து போனது, போகும்போது சந்தோஷமாக இருந்தது, எல்லாமே நினைவிருந்தது. அதை ஒரு குற்றமாக அவள் ஒரு நாளும் எடுத்து வைத்ததில்லை. அதனால்தான் சொல்லிக் காட்டவும் தோன்றவில்லை.

"முன்னாடி வந்து உக்காருங்க" என்றாள்.

"அந்தப் பொண்ணு?"

"அவங்க பின்னாடி வருவாங்க."

மூன்றாவது வேகத்தடையை ஆர்த்தி பின் சீட்டிலும், தியாகு முன் சீட்டிலும் உட்கார்ந்தபடி கடந்தார்கள். தியாகு அந்த மேட்டைக் கண்ணைத் திறந்துகொண்டே பார்த்தான்.

ஷோரூமுக்கு வந்ததும் பூமிகா முடிவைச் சொன்னாள். நடு வேரியன்ட். மணிவண்ணன் டாப் எண்ட்டை ஒரு தடவை பார்த்துப் பெருமூச்சு விட்டார். "வானம் போனாப் போகுது" என்றார்.

ஆர்த்தி கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தாள். முகம் மாறியது.

"மேடம், டாப் எண்ட்னா கையில வண்டி இருக்கு. செவ்வாய்க்கிழமையே எடுக்கலாம். நடு வேரியன்ட்டுக்கு ஒன்பது வாரம் ஆகும்."

இன்றைக்கும் திங்கட்கிழமைக்கும் நடுவில் ஒரே ஒரு ஞாயிறுதான் இருந்தது.

"அதுவரைக்கும் என் வண்டி ஒண்ணுல கொண்டு விடச் சொல்றேன்" என்று ஆரம்பித்த மணிவண்ணன், மற்ற மூவரும் பார்த்த பார்வையில் தானாகவே நிறுத்திக்கொண்டார்.

பூமிகா தியாகுவைப் பார்த்தாள்.

"பஸ் கூடாதுன்னு டாக்டர் சொல்லலை. தூக்கிப் போடக் கூடாதுன்னுதான் சொன்னாரு. பஸ்ல பின் சக்கரத்துக்கும் பின்னாடி வால் மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கு பாருங்க, அந்த இடம்தான் சக்கரத்தைவிட அதிகமாத் தூக்கும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல உக்காந்தா, ஒண்ணு ஏறும்போது இன்னொண்ணு கீழ இருக்கும். பாதி ஆட்டம்தான் வரும். ஏழு இருபது பஸ் இங்கயே கிளம்புறது, முன்னாடியே போனா நடுவுல இடம் கிடைக்கும். ஒன்பது வாரம்தானே."

தியாகு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வேண்டாம் என்று சொல்லப்போகிறான் என்று மணிவண்ணன் நினைத்தார். ஆர்த்தியும் நினைத்தாள்.

"நடுவுல ரெண்டு பேருக்கு இடம் கிடைக்காது" என்றான்.

"கிடைச்ச சீட்டுல நான் உக்காருவேன். நீங்க நில்லுங்க."

தியாகு தலையை நிமிர்த்தினான்.

"ஒரத்தநாடு வரைக்குமா நிக்கணும்?"